'கோடி'யும் தமிழ்ராக்கர்ஸும்: பைரசி பற்றிய செய்தியே பைரசிக்கு விளம்பரமா?

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஹீரோ படம் ரிலீஸ். முதல் காட்சிக்கு இடைவேளை விட்டிருப்பார்களா என்பதே சந்தேகம், அதற்குள் செல்போன் சிணுங்கும்: 'படக்குழு அதிர்ச்சி! ரிலீஸான சில மணி நேரத்தில் ஆன்லைனில் லீக்'. கிளிக் செய்து உள்ளே போனால் முதல் பத்தியில் ஹீரோ, ஹீரோயின், இயக்குநர், இசையமைப்பாளர் பெயர்கள். இரண்டாவது பத்தியில், எந்த இணையதளத்தில் படம் வந்திருக்கிறது என்ற விவரம். மூன்றாவதில், பிரின்ட் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது வரைக்கும் இருக்கும். கடைசி வரியில் மட்டும், 'பைரசி சட்டப்படி குற்றம், படத்தைத் தியேட்டரில் பாருங்கள்' என்று ஓர் உபதேசம்.

இந்தச் செய்தி யாருக்காக எழுதப்படுகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? படம் லீக் ஆனது தயாரிப்பாளருக்கு ஏற்கெனவே தெரியும். சைபர் க்ரைம் போலீஸ் செய்தி படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. தியேட்டரில் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். படத்தின் பெயரோடு 'டவுன்லோடு' என்ற வார்த்தையையும் சேர்த்து கூகுளில் தட்டிக்கொண்டிருப்பவர். அவர் கண்ணில் படுவதற்காகத்தான் அந்தத் தலைப்பு அப்படி வைக்கப்படுகிறது. அவருக்குத் தெரியாமல் இருந்த தளத்தின் பெயரை, செய்தியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இது தமிழ் ஊடகங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிரிட்டனில் 'கோடி' என்ற ஒரு சாஃப்ட்வேரை வைத்து இதே கூத்து இன்னும் பெரிய அளவில் நடந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், நம் ஊரில் பைரசி பற்றிய செய்திகள் எங்கே தடம் மாறுகின்றன என்பது புரியும்.

முதலில், கோடி என்றால் என்ன?

நம்ம கோடி ரூபாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் படமும் பாட்டும் ஓட வைப்பதற்காக, 2002-ம் ஆண்டு வாக்கில் சில ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய மீடியா பிளேயர் இது. 'எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்' என்று இருந்த பெயர், 2014-ல் 'கோடி' ஆனது. ஓப்பன் சோர்ஸ். அதாவது அதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளையின் பெயரில், பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள்.

கோடியை டவுன்லோடு செய்து திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒரு படம் கிடையாது, ஒரு சேனல் கிடையாது. உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும் கல்யாண வீடியோவையோ, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய படத்தையோ அதில் போட்டு டிவியில் பார்க்கலாம். கூடுதல் வசதி வேண்டுமென்றால் 'ஆட்-ஆன்' சேர்க்கலாம். யூடியூபுக்கு ஓர் ஆட்-ஆன், சப்டைட்டிலுக்கு ஒன்று, வானிலைக்கு ஒன்று. இவை அதிகாரப்பூர்வத் தொகுப்பில் இருப்பவை. கோடி குழு பார்த்து அனுமதித்தவை.

சிக்கல் வெளியாட்கள் எழுதும் ஆட்-ஆன்களில்தான். பைத்தான் மொழி தெரிந்த யாரும் ஓர் ஆட்-ஆன் எழுதி ஜிப் ஃபைலாக எங்காவது போட்டு வைக்கலாம். பைரசி ஆட்-ஆன் எதுவும் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. நீங்கள் ஒரு படத்தின் பெயரைத் தட்டினால் அது இணையத்தில் இருக்கும் பல திருட்டுத் தளங்களுக்குள் போய், லிங்க் இருக்கிறதா என்று துழாவி, கிடைத்ததை உங்கள் திரையில் ஓட விடும். ஒரு புரோக்கர் மாதிரி. லிங்க் செத்தால் ஆட்-ஆனும் சாகும். வேறொருவர் இன்னொன்று எழுதுவார். அதுவும் சாகும்.

அப்படிப்பட்ட ஆட்-ஆன்கள் எதன் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையும் வெள்ளிக்கிழமை லீக் செய்தியின் வேலையைத்தான் செய்யும்.

செய்தி ஒரு பக்கம், பட்டியல் இன்னொரு பக்கம்

2016, 2017 வாக்கில் பிரிட்டனில் ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் கோடியைப் போட்டு, அதற்குள் பைரசி ஆட்-ஆன்களையும் நிரப்பி விற்கும் வியாபாரம் சூடு பிடித்தது. கால்பந்து, புதுப்படம், சந்தா சேனல் எல்லாமே 'ஃப்ரீ'. அங்குள்ள டேப்ளாய்டுகள் இதற்கு வைத்த பெயர் 'கோடி பாக்ஸ்'. பாக்ஸைத் தயாரித்தது யாரோ ஒரு கம்பெனி. ஆட்-ஆன் எழுதியது முகம் தெரியாத ஓர் ஆள். காசு பார்த்தது விற்ற கடைக்காரர். தலைப்பில் வந்த பெயரோ இதில் ஒரு பைசா கூடச் சம்பாதிக்காத சாஃப்ட்வேருடையது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 'கோடி பயன்படுத்துவோருக்கு அதிர்ச்சி' என்று ஒரு நாள், 'பிரபல ஆட்-ஆன் மூடல்' என்று மறுநாள், 'மாற்று என்ன?' என்று அதற்கடுத்த நாள். எச்சரிக்கையும் பட்டியலும் அடுத்தடுத்து வந்தன. லிங்க் சாகும்போதெல்லாம் ஒரு செய்தி கிடைக்கும் என்றால், எந்த நியூஸ்ரூம்தான் விடும்? எத்தனை முறை வேண்டுமானாலும் கறக்கலாம், வற்றாத மாடு.

கோடி குழு இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. பாக்ஸ் விற்பவர்களும் அவற்றுக்கு யூடியூபில் விளம்பரம் செய்பவர்களும் கோடியைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்று 2016 பிப்ரவரியிலேயே வெளிப்படையாக எழுதியது. அவர்களின் ஆதங்கம் எளிமையானது. திருட்டு லிங்க் செத்துப் போனால், வாங்கியவர் விற்றவரைத் திட்டுவதில்லை, கோடியைத் திட்டுகிறார். சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து பக் சரிசெய்கிற ஒருவருக்கு, யாரோ வைத்த திருட்டு லிங்க் ஓடவில்லை என்று வசை வருகிறது. பாக்ஸ் விற்பனைக்குத் தங்கள் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று டிரேட்மார்க் உரிமையைக் காட்டியும் அவர்கள் போராடினார்கள். அதற்கும் முன்னால், 2015 ஜூனிலேயே, பைரசிக்கு வழி செய்கிறது என்று சொல்லி அமேசான் தன் ஆப் ஸ்டோரிலிருந்து கோடியைத் தூக்கிவிட்டது.

நீதிமன்றம் என்ன சொன்னது? 2017 ஏப்ரல் 26-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. திருட்டுத் தளங்களுக்கு இட்டுச் செல்லும் ஆட்-ஆன்களை முன்கூட்டியே நிரப்பி, அதையே கவர்ச்சியாகச் சொல்லி பிளேயரை விற்பது பதிப்புரிமை மீறல் என்றது. கவனியுங்கள்: நிரப்பி விற்பது. வெறும் பிளேயரை வைத்திருப்பது குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரத்துக் கடைக்காரர் ஒருவருக்கு 18 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அவருக்கும் தண்டனை, இப்படிப்பட்ட பாக்ஸ்களை விற்றதற்குத்தான். சட்டம் கோட்டைச் சரியான இடத்தில் போட்டது. தலைப்பு போட்டவர்கள் அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள்.

'திருட்டு விசிடி' என்று சொன்ன தலைமுறை

இந்த இடத்தில் நம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பாராட்டியே ஆக வேண்டும்.

2000-களில் சென்னை பர்மா பஜாரிலிருந்து கிராமத்துச் சைக்கிள் கடை வரைக்கும் ஓடிய வியாபாரத்துக்கு நாம் என்ன பெயர் வைத்தோம்? 'திருட்டு விசிடி'. எவ்வளவு துல்லியமான வார்த்தை! திருட்டு என்ற சொல் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டது, பிளேயரின் மேல் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் டிவிடி பிளேயர் இருந்தது. அதில்தான் திருட்டு விசிடியும் ஓடியது, ஒரிஜினல் பக்திப் பாடலும் ஓடியது. 'டிவிடி பிளேயர்களால் தமிழ் சினிமாவுக்கு ஆபத்து' என்று யாரும் தலைப்பு போட்டுப் படித்ததாக எனக்கு நினைவில்லை. 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து வீடியோ பைரசியைச் சேர்த்தபோதும், குறி தட்டை அடித்து விற்றவர்கள் மேல்தான்.

தட்டு போய் இணையம் வந்ததும் அந்தத் துல்லியமும் போய்விட்டது. இன்றைக்கு 'டெலிகிராமில் லீக்', 'டோரன்ட்டில் லீக்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம். டோரன்ட் என்பது ஃபைலைப் பகிரும் ஒரு முறை. லினக்ஸ் இயங்குதளங்களையே அதிகாரப்பூர்வமாக அதில் தருகிறார்கள். 'தபாலில் திருட்டு' என்று எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

வார்த்தைதானே, அதனால் என்ன குடியா முழுகிப் போகிறது என்று கேட்கலாம். முழுகியிருக்கிறது, அதுவும் நம் சென்னையிலிருந்தே.

2012-ல் தனுஷ் நடித்த '3' படமும், 'தம்மு' என்ற தெலுங்குப் படமும் லீக் ஆகாமல் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கப்பட்டது. அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுசாக மூடின. குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படங்களைப் போட்டு வைத்திருந்த தளம் விமியோ. திருட்டுப் படத்தைத் தடுக்கப் போய், சொந்தப் படம் எடுத்தவனின் கதவைச் சாத்தினார்கள். ஜூன் மாதம் அதே நீதிமன்றம், தளம் முழுவதையும் மூடக் கூடாது, குறிப்பிட்ட லிங்க்கை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

பாடம் படித்தோமா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கப்பட்ட உத்தரவுகளில் 2,650 தளங்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' இருந்தது! பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதி தேடும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் போய் நிற்கும் நூலகம் அது. ஒரு நாள் திடீரென்று இந்தியாவில் திறக்கவில்லை.

அடுத்த கதை உங்கள் எல்லோருக்கும் நேரடியாகத் தெரிந்தது. ஆரஞ்சு நிற டிராஃபிக் கூம்பு. விஎல்சி. அதுவும் கோடி மாதிரியே ஓப்பன் சோர்ஸ் மீடியா பிளேயர்தான். பிரான்ஸில் மாணவர் புராஜெக்டாக ஆரம்பித்தது. 2022 பிப்ரவரியில் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. ஏன் என்று அரசு அப்போது எதுவும் சொல்லவில்லை. ஆகஸ்டில்தான் செய்தி பெரிதாக வெடித்தது. 'விஎல்சி பிளேயருக்கு இந்தியாவில் தடை' என்று தலைப்பு. கூடவே 'சீன ஹேக்கர்கள் காரணமா?' என்று ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருந்தது? அந்த ஆண்டு ஏப்ரலில் சைமன்டெக் நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கை. ஒரு ஹேக்கர் குழு, விஎல்சியின் நல்ல பிரதி ஒன்றைப் பயன்படுத்தி, அதன் பக்கத்திலேயே தங்கள் வில்லங்க ஃபைலை வைத்து ஓட்டியது என்றது அது. நல்ல பிளேயரின் தோளில் ஏறி வந்த திருடன். தடைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அரசு சொல்லவில்லை. ஆனால் 'விஎல்சி வைத்திருந்தால் ஆபத்தாமே, அழிச்சிடவா?' என்று எத்தனை வாட்ஸ்அப் குரூப்களில் கேள்வி வந்தது! உண்மையில் முடங்கியது டவுன்லோடு செய்யும் இணையதளம்தான். ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த பிளேயர் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிகாரப்பூர்வத் தளம் திறக்காதபோது மக்கள் எங்கே போவார்கள்? கூகுளில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்துக்கு. அங்கேதான் நிஜமான ஆபத்து. விஎல்சியை உருவாக்கும் அமைப்பு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அக்டோபரில் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. தடைச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் நீங்கிய செய்தியைப் படித்தார்கள்?

சிங்கப்பூர் பெட்டி, கீரப்பாளையம் டிவி

'நம்ம ஊர்ல கோடி எங்கப்பா இருக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே அது பிரிட்டன் மாதிரி வீட்டுக்கு வீடு இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தமிழர்கள் வீடுகளில் 'பாக்ஸ்' என்றால் அர்த்தமே வேறு. தமிழ்ச் சேனல், புதுப்படம் எல்லாம் வரும் குட்டிப் பெட்டி. அது லீவுக்கு ஊருக்கு வருபவர்களின் சூட்கேஸிலும் வந்து சேர்கிறது.

சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் கீரப்பாளையம், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். படம் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சிதம்பரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய. அங்கே எங்கள் பெரியப்பா வீட்டு டிவிக்குக் கீழே அப்படி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வந்த புதிதில் அமர்க்களம். தெருவே வந்து பார்த்தது. மூன்று மாதம் கழித்துத் தொட்டதெல்லாம் சுற்றிக்கொண்டே நின்றது. "இந்தக் கோடி சரியில்லடா தம்பி, டுபாக்கூர்" என்றார் பெரியப்பா. "கோடி நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, உள்ள எவனோ போட்டு வச்ச ஆட்-ஆன்தான் செத்துப்போச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதானடா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் படித்த ஒரே செய்தியில் அப்படித்தான் இருந்திருக்கும்.

சிங்கப்பூர் அந்த இரண்டையும் பிரித்துச் சட்டமே போட்டது. 2021 நவம்பரில் அமலுக்கு வந்த அதன் புதிய பதிப்புரிமைச் சட்டம், திருட்டு உள்ளடக்கத்துக்கு வழி காட்டும் பெட்டியையோ சாஃப்ட்வேரையோ தெரிந்தே விற்பவர்களைக் குறிவைக்கிறது. தனிநபருக்கு 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்கொயர் வணிக வளாகத்தில் போலீஸ் ரெய்டு நடத்தி 17 பேரைப் பிடித்தது. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இந்த வளாகம் நன்றாகத் தெரியும். பெட்டி வாங்கும் நம்மவர்களுக்கு இதைத் தமிழில் விளக்கி எழுதியவர்கள் எத்தனை பேர்? வெள்ளிக்கிழமை லீக் செய்திகளோடு ஒப்பிட்டால் விரல் விட்டு எண்ணலாம்.

இதில் பெரியப்பா மாதிரியானவர்களுக்கு நிஜமாகவே ஆபத்து இருக்கிறது. அது கோடி என்ற பெயரில் இல்லை. வெளியாள் எழுதிய ஆட்-ஆன் என்பது உங்கள் கருவியில் ஓடும் ஒரு புரோகிராம். அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்ப்பதில்லை. 2018 செப்டம்பரில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம், சில வெளி ஆட்-ஆன்கள் வழியாகக் கம்ப்யூட்டர்களில் ரகசியமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம் புகுத்தப்பட்டதைக் கண்டுபிடித்தது. அதன் கணக்குப்படி 4,700-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் கரன்ட், உங்கள் மெஷின், லாபம் எவனுக்கோ. பெட்டியே கெட்டதாக வருவதும் உண்டு. 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ விடுத்த எச்சரிக்கை, மலிவு ஸ்ட்ரீமிங் பாக்ஸ்கள் உட்பட லட்சக்கணக்கான கருவிகள் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற வலையில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. பெரும்பாலானவை சீனாவில் தயாரானவை. வாங்கும்போதே உள்ளே வில்லங்கம் இருக்கும். வீட்டு வைஃபை வழியாக யாரோ செய்யும் மோசடிக்கு உங்கள் வீட்டு இணைய முகவரி முகமூடி ஆகும்.

'கோடியில் வைரஸ்' என்று இரண்டு வார்த்தையில் தலைப்பு போட்டால், இந்த விஷயம் எதுவுமே வாசகருக்குப் போய்ச் சேராது. கோடியை அழித்துவிட்டு, அதே பெட்டியில் வேறொரு ஆப் போட்டுக்கொள்வார்.

ஹீரோ ஆன திருடன்

மறுபடியும் நம் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தமிழ்ராக்கர்ஸ் என்ற பெயரை இவ்வளவு பெரிதாக்கியது யார்? 2018 நவம்பரில் 'சர்கார்' வந்தபோது, படத்தை வெளியிடுவோம் என்று அவர்கள் விட்ட சவாலே தலைப்புச் செய்தி. அதே மாதம் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். படம் அப்படியும் லீக் ஆனது. உடனே 'தடையை மீறி...' என்று அடுத்த தலைப்பு. போலீஸ், கோர்ட், சூப்பர் ஸ்டார், எல்லோரையும் ஏமாற்றும் முகம் தெரியாத ஒருவன். சினிமாக்காரர்களே எழுதினாலும் இதைவிட நல்ல ஹீரோ அறிமுகக் காட்சி கிடைக்காது. 2022-ல் அந்தப் பெயரிலேயே, அருண் விஜய் நடிப்பில், ஏவிஎம் தயாரிப்பில் ஒரு வெப் சீரிஸே வந்துவிட்டது.

இலவசமாகக் கிடைத்த இந்த விளம்பரத்தின் விலையைக் கொடுப்பவர் சூப்பர் ஸ்டார் இல்லை. அவர் படத்துக்கு எப்படியும் கூட்டம் வரும். முதல் வாரத்தில் வாய்வழிப் பேச்சை நம்பி, இரண்டாவது வாரத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் சின்னப் படத்தின் தயாரிப்பாளர்தான் அடி வாங்குகிறார். சிதம்பரம் மாதிரி ஊரில் தியேட்டர் நடத்துபவரும்தான்.

'அப்போ பைரசி பற்றி எழுதவே கூடாதா?' தாராளமாக எழுதலாம். இன்னும் நிறைய எழுத வேண்டும். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் 'ராயன்' படத்தைச் செல்போனில் பதிவு செய்ததாக மதுரையைச் சேர்ந்த ஒருவரை கேரள போலீஸ் பிடித்தது. சாய்வு இருக்கையின் கப் வைக்கும் இடத்தில் போனை வைத்துப் பதிவு செய்தார் என்று அப்போது செய்தி வந்தது. இதுதான் உபயோகமான செய்தி. திருட்டு எப்படி நடக்கிறது, எங்கே நடக்கிறது என்று சொல்கிறது. யாருக்கும் தளத்தின் முகவரி சொல்லிக் கொடுக்கவில்லை.

தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரின்டில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கிறது. திருட்டுப் பிரதியை வைத்தே எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று கண்டுபிடிக்க முடியும். அப்படியென்றால் ஒவ்வொரு லீக்குக்குப் பிறகும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்தத் தியேட்டர்?' என்பதுதானே? 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில் தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க நோடல் அதிகாரிகளை அந்த ஆண்டு நவம்பரிலேயே மத்திய அரசு நியமித்தது. 48 மணி நேரம் என்றால் வெள்ளிக்கிழமை லீக்குக்கு ஞாயிற்றுக்கிழமை தீர்வு. வசூல் நாட்கள் மூன்றும் போன பிறகு! இதை எத்தனை லீக் செய்திகளில் படித்திருக்கிறீர்கள்? திருட்டுத் தளங்களில் மின்னும் சூதாட்ட விளம்பரங்களுக்குக் காசு கொடுப்பது யார் என்ற கேள்வியையும் யாரும் தொடுவதில்லை.

எடிட்டர்களுக்கு ஒரு சின்ன யோசனை. லீக் செய்தியில் தளத்தின் பெயர், பிரின்ட் தரம், ஃபைல் அளவு ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். செய்தி என்று ஏதாவது மிச்சம் இருந்தால் பிரசுரியுங்கள்.

வீட்டில் பெட்டி இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கோடியின் செட்டிங்ஸில் 'அன்நோன் சோர்சஸ்' என்று ஒன்று இருக்கும். வெளியாட்களின் ஆட்-ஆன்களை அனுமதிக்கலாமா என்பதுதான் அது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கினால், அது ஆஃப் ஆகித்தான் வரும். ஆன் செய்யப் போனால் எச்சரிக்கையும் காட்டும். உங்கள் பெட்டியில் அது ஏற்கெனவே ஆனில் இருந்தால், உங்களுக்கு முன்னால் வேறு யாரோ அந்த எச்சரிக்கைக்கு 'சரி' சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா வீட்டுப் பெட்டியில் ஆனில்தான் இருந்தது.